மாமியிடம் சொன்ன நோவு

மகன்,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். மற்றதெல்லாம் எரிச்சல். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் உன் சாச்சாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். உன் பெண்டாட்டி ரிஸ்மியா வாசிக்கட்டும். அவளுடைய உம்மா, அதாவது உன் அருமை மாமி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து வாசிக்கட்டும். அவவைப் பற்றி இதில் நிறைய எழுதப் போகிறேன். முதுகுக்குப் பின்னால் கதைத்தேன் என்ற பேச்சு பிறகு வரக் கூடாது.

நம்முடைய பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். உன் வாப்பாவும் அப்படித்தான் ஒரு சூட்கேசோடு இந்த மருதமுனை வீட்டுக்கு வந்தார். ஆம்பிளைப் பிள்ளை பெற்றவளுக்கு இது பிறந்த அன்றைக்கே தெரியும். அதனால் நீ வரிப்பத்தான்சேனைக்குப் போனதற்கு நான் அழவில்லை. அழுதேன் என்று உன் தங்கச்சி சொல்லியிருந்தால் அது வெங்காயம். உன் உடுப்பை மடித்து வைத்தேன், எண்ணெய்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தேன், கறித்தூள் இடித்துக் கட்டினேன். இன்னொரு பொம்பிளை உனக்குச் சோறு போடுவாள் என்பதற்கெல்லாம் மனதைத் தயார் பண்ணித்தான் இருந்தேன். ஆனால் உன் உடம்பில் எங்கே நோகிறது என்பது எனக்குத் தெரியுமுன் அவவுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உன் நிக்காஹ் காவின் அன்று என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ முன் அறையில் ஆம்பிளைகளோடு பாயில் இருந்தாய். நான் உன் மாமியோடு உள் ஜன்னலடியில் நின்றேன். எனக்கு ஒரே பயம், அந்தக் கை. பெண்ணின் வாப்பா உன் வலக்கையைப் பிடித்துத்தான் மகளைத் தருவார். இறுக்கிப் பிடித்தால் உன் கை உடனே விடாது. வீட்டிலிருந்து புறப்படுமுன் உன்னிடம், “கைய மெதுவாப் பிடி மகன், விரல மடக்காத” என்று பத்துத் தரம் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். பிறகு அங்கே அவருடைய கையை வள்ளக் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்தாய். சொல்லும் முடிந்தது, துஆவும் தொடங்கியது, கை விடவில்லை. பார்த்தால் உன் மாமனார் கையை இழுக்கவே இல்லை. மற்றக் கையை மட்டும் ஏந்திக்கொண்டு சும்மா இருந்தார். அப்போது உன் மாமி என் காதுக்குள் சொன்னா: “பயப்படாதீங்க மச்சி. நான் அவருக்கிட்ட நேத்தே செல்லி வெச்சன், இழுக்க வாணாம், தானா விடும் எண்டு.” நான் திரும்பிப் பார்த்தேன். “ஒங்களுக்கு ஆரு செல்லின?” என்று கேட்டேன். “மருமகன்தான். பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே செல்லிட்டார். மறைச்சி முடிக்க ஏலா எண்டார்.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நான் ஆறு மாதமாகச் சம்பந்தம் கதைத்திருக்கிறேன். அந்த வீட்டில் எல்லாரும் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டேதான் எனக்குத் தேத்தண்ணி தந்திருக்கிறார்கள்.

அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல் இது. பொறாமை செய்த நன்மையையெல்லாம் தின்றுவிடும் என்று பள்ளி பயானில் கேட்டிருக்கிறேன். என்னுடைய கணக்கில் இப்போது என்ன மிச்சம் இருக்கிறதோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எத்தனை வருஷம் உன் பின்னால் நடந்தேன், “எங்க மகன் நோகுது, உம்மாக்குக் காட்டு” என்று. “ஒண்டுமில்ல உம்மா” என்றாய். பிடரியில் கை வைத்தால் தட்டிவிட்டாய். பாயில் குப்புறக் கிடந்து பல்லைக் கடிப்பாய், நான் வந்தால் எழும்பிச் சிரிப்பாய். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். சரி, வேறுதான். அப்படியானால் மாமிக்கு மட்டும் அந்த வாய் எப்படித் திறந்தது?

கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை நான் வட்டிலப்பமும் கொண்டு உங்களைப் பார்க்க வந்தேன் அல்லவா, அன்றைக்கு நான் ஏன் சாப்பிடாமல் புறப்பட்டேன் என்று நீ பிறகு போனில் கேட்டாய். வயிறு சரியில்லை என்றேன். பொய். நான் பின் வாசலால் வந்தேன். நீ வாங்குப் பலகையில் குப்புறப் படுத்திருந்தாய். உன் மாமி தவிட்டை வறுத்துத் துணியில் பொட்டலம் கட்டி ரிஸ்மியாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தா. வயல்காரர் வீடு, தவிட்டுக்கு என்ன பஞ்சம். “எங்க மருமகன், இண்டைக்கு எந்த இடம்?” என்று கேட்டா. நீ திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் விரலால் தொட்டுக் காட்டினாய். இடுப்புக்குக் கீழே, தொடையின் பின்பக்கம், இரண்டு இடம். பிறகு இடது தோள்பட்டைக்கு அடியில் ஒரு இடம். சின்னப்பிள்ளை மாதிரிக் காட்டினாய். அந்தத் தவிட்டுப் பொட்டலத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் நீ சிரிப்பாய். ஆனால் நான் சாப்பிடாமல் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. மற்றக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முதல் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

நீ சின்ன வயதிலேயே பயில்வான் மாதிரி இருந்தாய். பத்து வயதில் உன் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டு ஊரில் கண்ணூறு கழிக்காத ஆளில்லை. அதுதான் உனக்கு வினையாகப் போனது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நோகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஓட்டப் போட்டியில் விசில் ஊதினால் மற்றப் பிள்ளைகள் ஓடிவிடும், நீ கோட்டிலேயே நிற்பாய், இருபது எட்டு வைத்த பிறகுதான் உனக்குக் கால் வரும். சோம்பேறி என்றார் மாஸ்டர். குளிர் நாளில் உன் கண்ணிமைகூட மூடினால் திறக்க நேரமாகும். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு லெப்பையிடம் தண்ணி ஓதி வாங்கினேன், பரிகாரியிடம் எண்ணெய் வாங்கினேன். ஒரு டொக்டரிடமும் கொண்டுபோகவில்லை.

பிறகு கடல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறக்கவில்லை, நான் மறக்கச் சொல்லவும் மாட்டேன். உனக்குப் பதினெட்டு வயது. வாசல் கடப்படியில் குந்தியிருந்து சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தாய். கிழக்கே கூக்குரல் கேட்டது, “கடல் வருது” என்று சனம் ஓடிவந்தது. நான் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினேன். உன் வாப்பா எங்களுக்குப் பின்னால் ஓடிவந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது நீ சைக்கிள் ஹெண்டிலைப் பிடித்தபடி நட்டு வைத்த கம்புபோல நின்றாய். வாப்பாவும் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்து, “நீ ஓடு கா” என்றார். அவர் திரும்பி ஓடினார். உன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், உன்னைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மதிலில் ஏற்றினார். அவ்வளவுதான் நான் கண்டது. வாப்பா கிடைத்தது இரண்டு நாளைக்குப் பிறகு.

அதற்குப் பிறகு சனம் என்ன சொன்னது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொடியன் பயத்தில் விறைத்துப்போனான் என்றார்கள். அது நல்ல சனம் சொன்னது. மற்றச் சனம், ஒரு சைக்கிளை விட மனமில்லாமல் வாப்பாவைக் கொடுத்தான் என்றது. வாப்பாவின் மையித்து வீட்டிலேயே ஒருத்தி உன்னிடம், “ஏன் மனே அத விடல்ல?” என்று கேட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை நீ சைக்கிளில் ஏறியதில்லை. மருதமுனையில் சைக்கிள் ஓட்டாத ஆம்பிளை நீ ஒருவன்தான். நோவும் அதற்குப் பிறகுதான் கூடியது. நாம் தங்கியிருந்த முகாமில் மனசுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் உன்னிடம் படம் வரையச் சொன்னார்கள், மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நல்லம் என்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி, எப்போது தொடங்கியது என்பது. ஒவ்வொரு இடத்திலும் நீ வாய் திறக்குமுன் நான் சொன்னேன், “சுனாமிக்குப் புறகுதான் டொக்டர்.” நீயும் பேசாமல் இருந்தாய். உனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பொய்க்கு நல்ல மரியாதை கிடைத்தது, மகன். சண்டைக் காலத்தில் ஒருமுறை மட்டக்களப்புக்குக் கிளினிக் போகும்போது செக்பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு மணித்தியாலம் சீட்டில் இருந்த நீ, இறங்கின உடனே கால் இறுகி ஆமிக்காரனின் மேலேயே விழுந்தாய். அவன் துவக்கை நிமிர்த்திக் குறி பார்த்தான். நான் குறுக்கே விழுந்து, “சுனாமி, சுனாமி” என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அவன் முகம் மாறிவிட்டது. உன்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து பஸ்சில் ஏற்றிவிட்டான், அவனுக்கும் யாரோ போயிருப்பார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நோய் அது. அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் குலம் கோத்திரம் விசாரிக்க மாட்டார்கள். உம்மாவின் பக்கத்தில் யாருக்காவது இருக்கா என்று கேட்க மாட்டார்கள்.

சண்டை முடிந்தது, ரோட்டெல்லாம் திறந்தது. உன் கலியாணமும் முடிந்தது. போன மாதம் ரிஸ்மியா உன்னைக் கண்டிக்குக் கூட்டிப் போனாள். “நீங்களும் வாங்க மாமி” என்று அவள் என்னையும் கூப்பிட்டாள் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், அவள் மேல் பழி வரக் கூடாது. அவளுடைய உம்மா வருகிறா என்றதும் நான் தலைசுற்று என்றேன். ஆறு வருஷம் நான் தூக்கிச் சுமந்த கிளினிக் பைலை அந்த மனுசி கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியதைத் தங்கச்சி வந்து சொன்னாள். இரண்டு நாள் கழித்து நீ போன் எடுத்தாய். கையில் ஊசி ஏற்றி மெஷினில் பார்த்தார்களாம், தசை பிடித்தால் விடாத நோயாம், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராதாம். மயோட்டோனியா என்று ரிஸ்மியா எழுத்தெழுத்தாகச் சொன்னாள். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்ததற்குப் பெருநாள் பிறை கண்டதுபோலச் சந்தோஷப்பட்டவனை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு வந்தது என்ன தெரியுமா? எரிச்சல்தான். உனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. எனக்கு முப்பது வருஷமாக ஒருவரும் ஒரு பெயரும் தரவில்லை.

ஓம் மகன். நீ சரியாகத்தான் வாசித்தாய்.

பிறகு நீ குரலை இறக்கிச் சொன்னாய், இறுக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது, நோவுக்கு இன்னும் தெரியவில்லை என்று. இந்த நோயில் இந்த இடங்களில் இவ்வளவு நோகாது என்றாராம் டொக்டர். இது குடும்பத்தில் வருகிற நோய், இன்னொருவருக்கு இருந்து அவருக்கும் இதே நோவு இருந்தால் தேட ஒரு வழி கிடைக்கும் என்றாராம். உம்மாவுக்கு இருக்கா என்று கேட்டாராம். “இல்ல, எங்கட உம்மா கல்லு மாதிரி” என்று நீ சொன்னாயாம். சொல்லிவிட்டுப் போனில் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

என் கையும் விடாது. பன்னிரண்டு வயதில் கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்த கை விடாமல் நின்றேன். அன்றைக்கே என்னைப் பெற்றவ சொல்லிவிட்டா, இது வெளியில் தெரிந்தால் உன்னை எவனும் முடிக்க மாட்டான் என்று. அதனால் வித்தை பழகினேன். இருந்த இடத்திலிருந்து சட்டென்று எழும்ப மாட்டேன், முதலில் காலை மூன்று தரம் நீட்டி மடக்குவேன். உலக்கையை விட முன் எதையாவது கதைத்துக்கொண்டு நிற்பேன். என்னை வாயாடி என்று ஊர் சொல்கிறது. கை திறக்கும் வரைக்கும்தான் கதைக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? உன் வாப்பாவுக்கு மட்டும் தெரியும். கலியாணம் முடித்த கிழமையே கண்டுபிடித்துவிட்டார். என் விரல்களை ஒவ்வொன்றாகச் சின்ன விரலிலிருந்து திறப்பார். “விடமாட்டாளாமே என்ன” என்று பகிடி பண்ணுவார். அன்றைக்கு உன் கையைக் கழற்றவும் அதனால்தான் அவருக்குத் தெரிந்தது. என் கையில் பழகினதுதான் அது.

இப்போது இதைக் கவனமாக வாசி. ரிஸ்மியா, நீ வாசித்துக் காட்டுகிறாய் என்றால் மெதுவாக வாசி. மகன், நீ பயத்தில் நிற்கவில்லை. சைக்கிளுக்கு ஆசைப்பட்டும் நிற்கவில்லை. உன் கை திறக்கவில்லை, கால் எழும்பவில்லை. என்னிடமிருந்து உனக்கு வந்தது அது. அன்றைக்கே எனக்கு அது தெரியும். ரோட்டில் நின்று பார்த்தபோதே தெரியும். தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்த என் கையும் அன்று விடவில்லை. என் விரல் பதிந்த கண்டல் அவள் கையில் நாலு நாள் இருந்தது. அதைப் பார்த்துத் தாய்ப்பாசம் என்று சனம் அழுதது. அதே நோய், அதே நேரம். எனக்குப் பாசம் என்று பெயர் வைத்தார்கள், உனக்குப் பயம் என்று. நான் வாயை மூடிக்கொண்டு நல்ல பெயரை எடுத்துக்கொண்டேன். உன்னை ஆறு வருஷம் மற்றப் பெயரோடு விட்டேன்.

ஏன் என்று கேட்பாய். தங்கச்சியின் கலியாணம் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். என் இரத்தம்தான் உன் வாப்பாவைக் கொன்றது என்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள் என்ற பயம் என்றும் சொல்லலாம், அதுவும் உண்மை. ஆனால் ஒட்டாத கடிதத்தில் அரைவாசி சொல்லக் கூடாது. வாப்பா திரும்பி ஓடியது உனக்காக. என்னை ஓடு என்று சொல்லிவிட்டு உன்னிடம் போனார். இருபது வருஷம் என் விரலைத் திறந்த மனுசன் கடைசியாகத் திறந்தது உன் விரலை. பெற்ற பிள்ளை மேல் அப்படி ஒரு எரிச்சல் ஒரு தாய்க்கு வருமா என்று கேட்டால், வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. நீ உயிரோடு இருந்ததற்கு ஷுக்ர் சொல்லிக்கொண்டே எரிந்தேன்.

அன்று பின் வாசலில் நின்று உன் விரல் எங்கே எங்கே போகிறது என்று பார்த்தேனே, இடுப்புக்குக் கீழே இரண்டு இடம், தோள்பட்டைக்கு அடியில் ஒன்று. எனக்கும் அங்கேதான். இருபது வயதிலிருந்து, அதே மூன்று இடம். நான் தொட்டுக் காட்ட ஆளில்லாததால் அது எல்லாருக்கும் இருக்கும் உளைவு என்று இருந்துவிட்டேன். வட்டிலப்பத்தை வைத்துவிட்டு நான் புறப்பட்டது அதனால்தான்.

தங்கச்சியிடம் போன கிழமையே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வருகிற சம்பந்தம் இதனால் குழம்பலாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கூடப்பிறந்த நானாக்கு எழுதுங்க உம்மா. நானாட மாமனார் மாதிரி, கைய இழுக்காத வீடாப் பாத்து எனக்கும் பேசுங்க, போதும்” என்றாள். அவளுக்கு இருக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் உனக்குப் பாதி நோவு குறைந்திருக்கும். என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்திருப்பாய். பேனா பிடித்த கை விடாமல், நாலு நாளாக எழுதுகிறேன். இடையில் கை திறக்கும் வரை கதைக்கவும் பக்கத்தில் ஆளில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் வருவேன். அந்த ஊசியை என் கையிலும் ஏற்றட்டும், தொடையிலும் ஏற்றட்டும், மெஷின் என்ன சத்தம் போடுகிறதென்று நானும் கேட்கிறேன். எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டால், பிறந்ததிலிருந்து என்று நான்தான் சொல்வேன். அதற்கும் பதில் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டாலும் ஒரே நோவு இரண்டு பேருக்கு இருக்கிறது என்று அவர் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். மாமிக்கு என் ஸலாம் சொல். தவிட்டுப் பொட்டலத்துக்கு அல்லாஹ் அவவுக்கு நற்கூலி கொடுக்கட்டும். இதை மனதார எழுதுகிறேன், ஆனால் எரிச்சல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பஸ்சில் அவ பின் சீட்டில் இருக்கட்டும். உன் பக்கத்தில் நான்தான் இருப்பேன். இறங்கும் இடம் வருமுன் மூன்று தரம் காலை நீட்டி மடக்கு, நானும் மடக்குவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சோறு போடலாம், தவிடு வறுக்கலாம், கண்டிக்குக் கூட்டிப் போகலாம். அந்த மூன்று இடத்திலும் உன்னோடு சேர்ந்து நோக உன் மாமியால் ஏலாது.

உம்மா